பூங்கொடி கேட்ட சத்தங்கள்

அந்தப் பெண்குழந்தை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வயிற்றை ஒட்டிச் சாய்ந்துகொண்டு நின்றாள். ஆறு வயது இருக்கும். முழங்காலில் செம்மண். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடந்தது.

எங்கள் திண்டிவனம் கடையில் அப்போது மத்தியானம். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு, வராமல் ஏமாற்றிய ஒரு நாள். கடைக்குள் உறுமியும் தவிலுமாக ஏதோ ஒரு கோயில் விழாவில் பதிவு செய்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், என் வீட்டுக்காரர் தன் கையால் செய்தவை. உறுமி இழுக்கும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த ஸ்குரூ டிரைவர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும்.

குழந்தையின் அம்மா வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். டிரான்சிஸ்டர் பேட்டரி வாங்க வந்தவள். கதவைத் தள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்க, குழந்தை மட்டும் யார் பின்னாலோ நுழைந்து நேராகப் பெட்டியிடம் போய்விட்டாள்.

உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"எதையாவது தொட்டுடப் போறாளோன்னு பாத்துக்கினு இருக்கேங்க. கூப்பிட்டா வர மாட்டா. அவளுக்குக் காது கேக்காது."

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேசட்டில் ஒரு இடைவெளி வந்தது. மேளக்காரர்கள் மூச்சு வாங்கும் இடம். குழந்தை சட்டென்று நிமிர்ந்தாள். பெட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி தவில் விழுந்ததும் பெட்டியைத் தொடாமலே அதன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதுபோல ஒரு முகம்.

அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சலிக்கவில்லையா?

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் செஞ்சியிலிருந்து எழுதியிருந்தார். "இத்தனை வருஷம் டி.வி., டேப் ரிக்கார்டர், டெக் என்று ஒரே சாமானை விற்றுக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்குச் சலிக்கவில்லையா?" என்று.

பூங்கொடியிடம் திரும்பி வருவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவள்தான் இதற்குப் பெரிய பதில் என்றாலும், சின்னச் சின்னப் பதில்களும் இருக்கின்றன.

முதலில் விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு சின்ன ரேடியோ ரிப்பேர் கடைதான். என் வீட்டுக்காரர் தேவராஜ் உள்ளே உட்கார்ந்து சால்டரிங் வைப்பார். நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். ஈயம் உருகும் வாசனை எனக்குப் பிடித்துப்போனது. சாப்பாட்டுக் கூடையோடு போனவள் அப்படியே உட்கார்ந்து வயர் சீவிக்கொடுக்க ஆரம்பித்தேன். திண்டிவனத்தில் இரண்டாவது கடை போட்டபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் இருக்கிறேனே என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஸ் பாஸ் எடுத்துக்கொடுத்தார்.

பொம்பளை நடத்தும் கடை என்று முதலில் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வாங்க வந்தார்கள்.

நான் விற்றது சாமான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மயிலத்துக்காரர் ஒருவர் வீடியோ டெக் வாங்கினார். பஸ்ஸில் கூட்டம். பெட்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்று மடியில் வைத்து, மேல்துண்டால் போர்த்தி, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனார். மறுநாளே திரும்பி வந்தார். ரிப்பேரோ என்று பயந்துவிட்டேன். இல்லை. படம் ஓடும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் பறந்துகொண்டிருக்கும் பறவை ஆகாயத்திலேயே நின்றுவிடுகிறதாம். அது நிஜமாகவே அப்படித்தானா, இல்லை மெஷினில் கோளாறா என்று கேட்டுப்போக வந்திருந்தார். அப்படித்தான் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல்சித்தாமூர் பக்கத்துச் சமண நயினார் குடும்பம் ஒன்று. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறவர்கள். அதனால் நாலு மணிக்கே கடையை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். பாதி டெமோதான் பார்ப்பார்கள். மீதியைப் பார்க்க மறு வாரம் வருவார்கள். இப்படி ஒரு மாதம் வந்து, ஒரு கலர் டி.வி.யில் முழுதாக ஒரு நிகழ்ச்சியைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தார்கள். அந்த வீட்டு அம்மாள் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கத்தரிப்பூ நிறம்கூடத் தெரிகிறதே என்றார். நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சலிப்பு எப்படி வரும்?

வயிறா, காதா?

குழந்தையின் பேர் பூங்கொடி. அம்மா அஞ்சலை. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம் கிடையாது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை பறிக்க, நாற்று நட என்று யார் கூப்பிட்டாலும் போவாள். அவளுடைய வீட்டுக்காரர் சென்னையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பூங்கொடிக்குக் கைக்குழந்தையில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிது என்றிருந்ததாம். அதற்கப்புறம் எந்தச் சத்தத்துக்கும் திரும்பியதில்லை.

நான் பார்த்ததைத் தேவராஜிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் திண்டிவனம் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். எதையும் உடனே நம்பவும் மாட்டார்.

"பெட்டி அதிருதும்மா. தரை வழியா அவ காலுக்கு வருது. அது கேக்கறது ஆகாது" என்றார்.

"அப்ப தரையைத் தொடாம கேக்க வைங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்தார். இரண்டு காதையும் முழுதாக மூடும் கறுப்புக் கிண்ணங்கள். மேளக்காரர்களுக்குச் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று மேஜைமேல் தயாராக இருந்தது.

அஞ்சலையிடம் கேட்டேன். ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அவள் சரி என்று தலையாட்டினாள்.

நுரை மெத்தை வைத்த ஸ்டூலில் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தோம். கால் அந்தரத்தில் தொங்கியது. ஹெட்போன் அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தேவராஜ் அதே கேசட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டும் திருகை மெதுவாகத் திருப்பினார். கால் பாகம். ஒன்றும் இல்லை. பாதி. அவள் என் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முக்கால்.

வளையலைத் தொட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது.

கண் மட்டும் மெல்ல மேலே போய், கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தது. தேவராஜ் திருகைக் குறைத்தார். அவள் முகம் சுருங்கியது. கூட்டினார். விரிந்தது. குறைத்தார். சுருங்கியது.

தேவராஜ் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கழுத்தில் வியர்த்திருந்தது.

ஒரு பெயர்

மைக்கை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் செருகி அஞ்சலையிடம் நீட்டினேன்.

"என்னாங்க பேசறது?" என்றாள்.

"அவ பேரைச் சொல்லு."

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள். வெட்கம் என்று நினைத்தேன். அது வெட்கமில்லை.

"மொதல்ல கூப்பிட்டுகினுதான் இருந்தேங்க. திரும்பிப் பாக்கல. அப்பறம் விட்டுட்டேன். ரேஷன் கார்டுல இருக்குது பேரு. நாலஞ்சு வருஷமா வாயால கூப்பிட்டதில்ல."

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களும் மேஜையருகே வந்தார்கள். அஞ்சலை சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பூங்கொடி" என்றாள்.

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க என்றேன்.

"பூங்கொடி."

குழந்தை ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு கிண்ணத்தின் உள்ளே எட்டிப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். திரும்பத் தலையில் மாட்டிக்கொள்ளத் தெரியாமல் என் கையில் கொடுத்தாள். மாட்டிவிட்டேன். அஞ்சலை மூன்றாவது முறை கூப்பிட்டாள். அம்மாவின் வாய் அசைவதும் தனக்குள் ஏதோ வருவதும் ஒன்றுதான் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். கையை நீட்டி, மைக்கைப் பிடித்து, அம்மாவின் வாயில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தரம் என்று அர்த்தம்.

அஞ்சலை கூப்பிட்டாள். மறுபடி அழுத்தினாள். கூப்பிட்டாள். மறுபடி. அஞ்சலையின் குரல் கம்மிப்போய், காற்று மட்டும் வந்தது. அப்போதும் குழந்தை விடவில்லை. அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர், பெரிய மீசைக்காரர், சுவர்ப்பக்கம் திரும்பி விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் நின்றுகொண்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். நடந்தது வேறு.

குழந்தை மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோனாள். அவள் எப்போதும் போடுகிற சத்தம் ஒன்று உண்டாம், ஏதாவது வேண்டும் என்றால் தொண்டையிலிருந்து ஒரு கத்தல். அதைக் கத்தினாள். அந்தச் சத்தம் தன்னிடமிருந்து வருகிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். ஸ்டூலிலிருந்து குதித்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பாவாடை நனைந்து தரையில் ஈரம் பரவியது.

அஞ்சலை அவளைத் தூக்கிக்கொண்டாள்.

"அவ பாட்டுக்கு இருந்தாங்க. எதுக்கு இதெல்லாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போய்விட்டார்கள். வாங்கின பேட்டரி மேஜைமேலேயே இருந்தது.

பதினைந்து நாள்

நானும் தேவராஜும் எங்கள் வேலையைப் பார்த்தோம். கடையைத் திறந்தோம், மூடினோம். யாராவது தவில் கேசட் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஊர் பேர் தெரியும், போய்ப் பார்க்கலாம். ஆனால் போய் என்ன சொல்வது?

இரண்டு வாரம் கழித்து ஒரு சந்தை நாளில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. முதலில் பூங்கொடி வந்தாள். அவள் பிடியில் அம்மாவின் சேலைத் தலைப்பு.

"ஒரே பேஜாராப் போச்சுங்க" என்றாள் அஞ்சலை. "மூணு நாளு பயந்துகினு கெடந்தா. அப்பறம் காலையில எழுந்ததும் ரெண்டு கையையும் காதுல கவுத்துகினு காட்டறா. பஸ் ரோடுக்கு இழுக்கறா. வேலைக்குப் போவ முடியல."

பூங்கொடி அதற்குள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தார்கள். இப்போது அவளே மைக்கைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு சத்தம் போட்டு, காத்திருந்து, இன்னொன்று போட்டாள். புது ஊருக்குப் போனவர்கள் தெருவைப் பழகுவதுபோலத் தன் குரலைப் பழகிக்கொண்டாள். அஞ்சலை மைக்கில் வீட்டு விஷயங்களைப் பேசுவாள். கேப்பைக் கூழுக்கு மாவு அரைத்தது, ஆடு வேலியைத் தாண்டியது. கேட்பவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. இரண்டு பேருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

டாக்டர் சொன்னது

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சத்தம் புகாத ஒரு அறையில் பூங்கொடியை உட்காரவைத்து நெடுநேரம் சோதித்தார்கள். முடிந்ததும் அங்கிருந்த ஒரு பெண் டாக்டர் விளக்கினார். கனத்த சத்தம், மேளம், இடி போன்றவை கொஞ்சம் கேட்கின்றன. கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் கேட்பதில்லை. அம்மா கூப்பிடும்போது 'பூ' அவளிடம் போய்ச் சேருகிறது, மற்ற எழுத்துகள் அரைகுறைதான். காதுக்குக் கருவி வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது.

நான் பெருமையோடு எங்கள் கடை ஆம்ப்ளிஃபயர் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு சத்தமா வச்சீங்க?"

முக்கால் பாகம் என்றேன்.

"இருக்கிற கொஞ்சமும் போயிருந்தா யார் பொறுப்பு?"

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதை அஞ்சலையிடம் மறைக்காமல் சொன்னேன். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கிளியனூர் தாண்டும்வரை அவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க வைக்கலன்னா இருக்குதுன்னே தெரிஞ்சிருக்காதும்மா" என்றாள் கடைசியில். கொஞ்சம் கழித்து, "ஆனா இனிமே மெதுவா வைங்க" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் யாருக்கு ஹெட்போன் மாட்டினாலும் திருகைப் பாதிக்கு மேல் கூட்டுவதில்லை.

குழாயின் அடியில்

கருவி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, மார்பில் ஒரு துணிப்பையில் தொங்கும். அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். பூங்கொடி பின்னாளில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். பேசவும் வந்தது, பழகியவர்களுக்குப் புரிகிற அளவுக்கு. தையல் கற்றுக்கொண்டு இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். இதெல்லாம் மெல்ல மெல்ல நடந்தவை. நான் சொல்ல வந்தது கருவி வந்து சில மாதங்களில் நடந்த ஒன்று.

அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு டி.வி. வாங்கினார்கள். எங்களிடம்தான். சென்னை ஒளிபரப்பு அந்தப் பக்கம் லேசாகத்தான் எட்டும் என்பதால், பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி உயரமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்ட வேண்டியிருந்தது. தேவராஜ் குழாயைத் திருப்ப, உள்ளே நான் திரையைப் பார்த்து, தெரிகிறது, போய்விட்டது, தெரிகிறது என்று குரல் கொடுத்தேன். ஊரே அந்தச் சின்ன அறையிலும் ஜன்னலிலும் அடைந்திருந்தது. புள்ளி மழைக்குள்ளிருந்து ஒரு மனித முகம் தெளிந்து வந்தபோது யாரும் கத்தவில்லை. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பூங்கொடியைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

குழாயின் அடியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். மார்புப் பெட்டியை இரண்டு கையாலும் இரும்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அஞ்சலை சற்றுத் தள்ளி நின்றாள்.

"இப்பிடித்தாம்மா. எது எதுக்குச் சத்தம் இருக்குதுன்னு ஒண்ணொண்ணா பாத்துக்கினு வர்றா. செவரு, சட்டி, கெணத்து மோட்டாரு. ஆட்டு வயித்துல இருக்குதாம். புளியமரத்துல ஒண்ணும் இல்லியாம். ரெண்டு நாளா அதும் கீழயே உக்காந்திருந்தா, கெடைக்கல."

என்னைப் பார்த்ததும் பூங்கொடி எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். குழாயருகே உட்கார வைத்தாள். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து, காதை இரும்பில் வைத்து அழுத்தினாள்.

வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியாழத்திலிருந்து ஒரு முனகல். உச்சியில் காற்று பட்டு, அத்தனை நீளக் குழாய்க்குள்ளும் ஒரே ஒரு நீண்ட சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. காற்று கூடினால் அது தடித்தது. குறைந்தால் மெலிந்தது. நிற்கவே இல்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ குழாய் நட்டிருக்கிறோம். தினமும் சத்தத்தோடு பிழைக்கிறவள் நான். ஒரு குழாயில்கூடக் காதை வைத்துப் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. கண்ணைத் திறந்தபோது பூங்கொடியின் முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று உடனே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறாள்.

கேட்கிறது என்று தலையசைத்தேன்.